சம்பா கோயிலும் மேரி கட்டடமும்: நான்கு நாள் பாண்டி, கடலூர்

முதல் நாள், வியாழன்

பஸ்ஸில் ஏ.சி. விழுப்புரத்தோடு நின்றுவிட்டது. ஜன்னல் திறக்க வராத பஸ். பாண்டியில் இறங்கும்போது சட்டையைப் பிழிந்தால் ஒரு சொம்பு தேறும். முத்தியால்பேட்டையில் அத்தை வீடு. "வாடா, கருவாடா காஞ்சு வந்திருக்க" என்று நன்னாரி சர்பத்தைக் கையில் திணித்தார். அதைக் குடித்த பிறகுதான் எனக்குப் பேச்சே வந்தது.

என் தொழிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருடமாகத் திருச்சியில் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், பள்ளிக்கூட நோட்ஸ், எது வந்தாலும். எந்த ஊருக்குப் போனாலும் கண் முதலில் போர்டுக்குத்தான் போகும். கடைப் பலகையில் ஒரு ஒற்று விட்டுப்போயிருந்தால் அந்தக் கடை டீ எனக்கு இறங்காது. அப்படிப்பட்டவன் பாண்டிக்கு வரலாமா? இங்கே பாதி ஊர் தப்பான உச்சரிப்பில்தான் நின்றுகொண்டிருக்கிறது.

வெயில் தாழ்ந்ததும் மிஷன் வீதிக்குப் போனேன். (இந்த ஊரில் தெரு குறைவு, எல்லாம் வீதி. நீலப் பலகையில் வெள்ளை எழுத்து, பிரெஞ்சிலும் தமிழிலும்.) ஆட்டோக்காரரிடம் "ஜென்மராக்கினி மாதா கோயில்" என்றேன், முழித்தார். "சம்பா கோயிலுங்க" என்று பக்கத்தில் நின்றவர் எடுத்துக் கொடுத்தார். "அதை அப்படிச் சொல்றதுதானே சார்!"

கோயில் வாசலில் மெழுகுவத்தி விற்கும் அம்மாவிடம் சம்பா என்றால் யார் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "அந்தக் காலத்துல சம்பா நெல்லு காயப்போட்ட எடமா இருந்திருக்கும்" என்றார். நல்ல பதில்தான். நானே நம்பியிருப்பேன்.

விஷயம் வேறு. ஏசு சபைப் பாதிரிமார் இங்கே கட்டிய பழைய கோயில் புனித பவுலுக்கானது. பிரெஞ்சில் சேன் போல். அதை நம் ஜனங்கள் காதில் வாங்கிச் சம்பா ஆக்கிவிட்டார்கள். 1761இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து இடித்தபோது அந்தக் கட்டடமும் போயிற்று. இப்போது நிற்பது 1791இல் முடிந்தது, மாதாவுக்கானது. பவுலும் போய், அவர் கோயிலும் போய், பெயரை மட்டும் தப்பாகவே பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதே இடத்துக்குப் பக்கத்தில் வேதபுரீசுவரன் கோயில் இருந்தது. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்த நேரத்தில், கவர்னர் டூப்ளேயின் சம்மதத்தோடு அதை இடித்தார்கள். பக்கத்திலேயே இருந்த பாதிரிமாருக்கு அது நெடுநாள் விருப்பம். அதை எழுதி வைத்தவர் டூப்ளேயிடமே துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை. 1736இல் தொடங்கி இருபத்தைந்து வருடம் நாட்குறிப்பு எழுதினார். செந்தமிழ் இல்லை, அன்றைக்குப் பேசின தமிழ். என்னிடம் புரூஃபுக்கு வந்திருந்தால் சிவப்பு மையால் குளிப்பாட்டியிருப்பேன், நல்லவேளை வரவில்லை. துரைமார் கோபம், துணி வியாபாரம், கப்பல் வந்தது, யார் யாரோடு பேசவில்லை, எல்லாம் அதில் இருக்கிறது. 1761 ஜனவரியில் ஊர் விழுந்தது, அவரும் அதே மாதம் மறைந்தார். ரங்கப்பிள்ளை வீதியில் அவர் வீடு இன்னும் உண்டு. வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தேன். இடிந்த ஈசுவரனின் பெயரில் பின்னால் எழுந்த கோயில் காந்தி வீதியில் இருக்கிறது. அங்கே சுண்டல் கிடைத்தது.

இருட்டும் நேரத்தில் கடற்கரைப் பக்கம் நடந்தேன். டூமாஸ் வீதியில் (கடைசி 'ஸ்' பிரெஞ்சுக்காரர்களுக்குக் கிடையாது, நமக்கு உண்டு) இளஞ்சிவப்பாக நிற்கும் மாதா கோயிலுக்கு ஊரில் பெயர் கப்ஸ் கோயில். கப்புச்சின் துறவிகள் நடத்தியதால் கப்ஸ். இன்னும் கொஞ்சம் தள்ளி, கடலைப் பார்த்தபடி மேரி கட்டடம். மேரி யாரோ பிரெஞ்சு அம்மாள் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். மாதா பெயராக இருக்குமோ என்றும் நினைத்ததுண்டு. 'மேரி' என்றால் பிரெஞ்சில் நகராட்சி மன்றம், அவ்வளவுதான். 1870 வாக்கில் கட்டியது, 2014 நவம்பர் மழையில் மொத்தமாக உட்கார்ந்துவிட்டது. பழைய அச்சிலேயே திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். புதுச் சுண்ணாம்பில் பழைய முகம். எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது, மாமாவுக்கு உறுத்தவில்லை. "இடிஞ்சு போன பல்லுக்குச் செட்டுப் பல்லு கட்டறதில்லையா மாப்ளே" என்றார்.

இரண்டாம் நாள், வெள்ளி

விடியற்காலை ஐந்தரைக்கே கடற்கரை. காலையில் அந்தச் சாலையில் வண்டி கிடையாது. நடப்பவர்கள், நாய்கள், சுக்குக் காப்பி. கடலுக்குள் துருப்பிடித்த இரும்புக் கால்கள் வரிசையாகத் தலை காட்டுகின்றன. 1866இல் போட்ட பழைய இறங்குபாலத்தின் மிச்சம் அது, 1952 புயல் கொண்டுபோனது போக. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. பொறாமையாக இருந்தது, எனக்கில்லை, இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய ஓர் ஆளுக்காக.

லெ ஜாந்தீல் என்று ஒரு பிரெஞ்சு வானியலாளர். சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடந்து போவதை அளப்பதற்காக 1760இல் பிரான்சை விட்டுப் பாண்டிக்குக் கிளம்பினார். கிட்ட வரும்போது ஊர் ஆங்கிலேயர் கையில். 1761 ஜூனில் வெள்ளி கடந்தபோது அவர் கப்பலில் ஆடிக்கொண்டிருந்தார், ஆடுகிற தளத்தில் எதை அளப்பது? அடுத்தது எட்டு வருடம் கழித்துத்தான், அதை விட்டால் நூறு வருடத்துக்கு மேல். சரி, இருந்து பார்த்துவிடுவோம் என்று இந்தப் பக்கமே தங்கிவிட்டார். 1768இல் பாண்டி வந்து, இடிந்த கோட்டையின் மேல் கண்காணிப்புக் கூடம் கட்டிக்கொண்டு காத்திருந்தார். மே மாதம் முழுக்கக் காலை வானம் சுத்தம். 1769 ஜூன் 4 விடியலில் மட்டும் மேகம். வெள்ளி கடந்து முடிந்த கொஞ்ச நேரத்தில் வெயில் அடித்தது! 1771இல் ஊர் திரும்பினால் அங்கே அவர் செத்துவிட்டதாக முடிவு கட்டிச் சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் இதைச் சொன்னதும் மாமா சிரிக்கவில்லை. "சோழி கதையைச் சொன்னியா?" என்றார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், அவருக்கு அதுதான் முக்கியம். காத்திருந்த நாட்களில் லெ ஜாந்தீல் இங்கே பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவரிடம் பாடம் கேட்டிருக்கிறார். அவர் பேனா தொடவில்லை. தரையில் சோழியைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லி, சோழியை நகர்த்தியே 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். அது ஏற்கெனவே முடிந்துபோன கிரகணம், சோதனைக்காகப் போட்டது. கிரகணம் நீடித்த நேரத்தில் அவருக்கு வந்த பிழை 41 விநாடி. ஐரோப்பாவில் அப்போது பேர் பெற்றிருந்த மாயர் அட்டவணைப்படி போட்டால் 68 விநாடி. இதை எழுதி வைத்தவர் லெ ஜாந்தீலேதான். எண்களை எழுத்தாக்கி, எழுத்தை வாக்கியமாக்கி, காது வழியாகவே தலைமுறை தலைமுறையாகக் கொண்டுவந்த கணக்கு. சம்பா கோயில் விஷயத்தில் நான் சந்தேகப்பட்ட அதே காதுதான்.

பத்து மணிக்கு அத்தையோடு பெரிய மார்க்கெட். பலகையில் பெயர் குபேர் அங்காடி. செல்வத்துக்கு அதிபதி குபேரன் என்று நினைத்தால் தப்பு. எதுவார் குபேர் என்பவர் புதுச்சேரியின் முதல் முதலமைச்சர். வெள்ளிக்கிழமையானாலும் மீன் பக்கம் கூட்டம் குறையவில்லை. அத்தை சைவ நாளில் மீன் கடையை மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டினார், ஆனால் வஞ்சிரம் என்ன விலை என்று மட்டும் கேட்டுக்கொண்டார். "நாளைக்கு வேணுமே."

மார்க்கெட்டுக்கு வந்ததே சின்ன வெங்காயத்துக்கு. கத்திரி வெயில் இருக்கும்போதே வடகம் போட்டுவிட வேண்டும். அத்தை நாலு நாள் முன்னால் போட்ட முதல் ஈடு மொட்டை மாடியில் காய்கிறது. தட்டிய வெங்காயம், பூண்டு, உடைத்த உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு. பகலில் உதிர்த்துக் காயவைப்பது, சாயங்காலம் திரும்ப அள்ளி விளக்கெண்ணெய் தொட்ட கையால் உருண்டை பிடித்து மூடி வைப்பது. மறுநாள் மறுபடி உதிர்ப்பது. அத்தையின் உள்ளங்கை அந்த வாரம் முழுக்க மஞ்சளாக இருக்கும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. நாலாம் நாள் உருண்டையைப் பிட்டுப் பார்த்தேன். வெளியே கறுத்து, உள்ளே இன்னும் பிசுபிசுப்பு. வாசனை மாடிப்படி வரை இறங்கி வந்திருந்தது.

இதைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் வாங்கிப் போய் 'வதுவான்' ஆக்கியிருக்கிறார்கள். அங்கே பெரிய உணவகங்களில் மீனுக்கும் ஆட்டுக்கறிக்கும் தூவுகிற மசாலா. நாம் அவர்கள் பவுலைச் சம்பாவாக்கினோம், அவர்கள் நம் வடகத்தை வதுவான் ஆக்கினார்கள். அத்தையிடம் சொன்னேன். "வெளக்கெண்ண போடறாங்களா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். "அப்ப அது வடகமில்ல."

மதியம் தூக்கம்.

சாயங்காலம் மாமா பெத்தாங்க் ஆடப் போனார், நானும் கூடவே. கெட்டி மண் திடல். மடித்துக் கட்டிய லுங்கியும் அரைக்கால் சட்டையுமாக ஏழெட்டுப் பேர். முதலில் ஒரு குட்டி மரக்குண்டை ஆறு முதல் பத்து மீட்டருக்குள் போட்டுவிடுகிறார்கள். வட்டத்துக்குள் நின்று, கால் தூக்காமல், இரும்புக் குண்டை அதற்குக் கிட்டே போட வேண்டும். குண்டு ஒவ்வொன்றும் முக்கால் கிலோ இருக்கும். எதிராளி குண்டு கிட்டே கிடந்தால் அதை அடித்துத் தள்ளலாம். யார் குண்டு கிட்டே என்று சண்டை வந்தால் ஒருவர் முழங்கால் போட்டு டேப்பை நீட்டுகிறார். அளக்கிறவர் நெற்றி மண்ணைத் தொடும் அளவுக்குக் குனிகிறார், சுற்றி நிற்பவர்கள் மூச்சு விடுவதில்லை. "ஒன்றரை சென்டி" என்று தீர்ப்பு வந்ததும் பிரெஞ்சில் ஒரு வார்த்தையும் தமிழில் ஒரு வார்த்தையும் கேட்டது. தமிழ் வார்த்தையை இங்கே எழுத முடியாது. பதின்மூன்று எடுத்த கட்சி ஜெயிக்கும். மாமா கட்சி பதினொன்றில் தோற்றது.

திடலில் எல்லோரும் "சொல்தா" என்று கூப்பிடும் பெரியவர் ஒருவர் இருந்தார். பிரெஞ்சில் சொல்தா என்றால் சிப்பாய். பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு வந்த தமிழர்களுக்கு ஊரே வைத்த பேர், அது குடும்பத்துக்கே ஒட்டிவிடும். 1954 நவம்பர் 1 அன்று ஊர் நிர்வாகம் பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது, சட்டப்படி சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16. அப்போது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் எழுதிக் கொடுக்க ஆறு மாதம் அவகாசம் தந்தார்கள். சில வீடுகளில் அண்ணன் எழுதிக் கொடுத்தார், தம்பி கொடுக்கவில்லை. அண்ணன் பேரப்பிள்ளைகள் இப்போது பாரிசில். தம்பி வீட்டில் அதைப் பற்றி ஒரு பேச்சு எடுத்தால் இரவுச் சாப்பாடு தாமதமாகும் என்றார் மாமா.

மூன்றாம் நாள், சனி

கடலூர். இருபத்து சொச்சம் கிலோமீட்டர்தான். தனியார் பஸ், பாட்டு காதைக் கிழித்தது. அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், முள்ளோடை. முள்ளோடைதான் எல்லை, பாண்டி விலையில் கடைசிப் பெட்ரோலும் கடைசிச் சரக்கும் அங்கேதான். அதைத் தாண்டினால் சோதனைச் சாவடி. வரைபடத்தில் புதுச்சேரி ஒரே துண்டாக இருப்பதில்லை, தமிழ்நாட்டுக்குள் கிழித்துப் போட்ட காகிதம் மாதிரி சிதறிக் கிடக்கும்.

"கடலூர் எங்க? ஓ.டி.யா, என்.டி.யா?" கண்டக்டர் கேட்டார். எங்கள் அச்சகத்தில் ஓ.டி. என்றால் ஓவர்டைம். சீசன் நினைப்பில் "ஓ.டி. வேண்டாங்க" என்று சொல்லிவிட்டேன். ஓ.டி. பழைய நகரம், அதாவது முதுநகர், துறைமுகப் பக்கம். என்.டி. புதுநகர், மஞ்சக்குப்பம் பக்கம். ஓல்டு டவுன், நியூ டவுன் என்று வெள்ளைக்காரன் பிரித்தது இன்றும் டிக்கெட்டில் ஓடுகிறது. ஊர்ப் பெயரும் அவன் வாய் வழியாக வந்ததுதான். ஆறுகள் கூடும் இடம் என்பதால் கூடலூர், ஆங்கிலத்தில் குடலூர் மாதிரி ஆகி, கடைசியில் கடலூர். கடல் பக்கத்திலேயே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இந்த ஊரில் நல்ல பிழை இதுதான் என்பது என் தொழில்முறைக் கருத்து.

பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கித் தொலைத்தேன். அரை மணி நேரம் வெயிலில் நடை. பிறகு ஷேர் ஆட்டோவில் தேவனாம்பட்டினம்.

இங்கே நான் பார்க்க வந்தது ஒரு குண்டு விழுந்த தூரம். 1690இல் செஞ்சியில் இருந்த மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனி இங்கிருந்த கோட்டையை விலைக்கு வாங்கியது. சென்னையில் அப்போது கவர்னர் எலிகு யேல் (அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் இருக்கிறதே, அந்த யேல்). ஒப்பந்தத்தில் கோட்டையோடு, பீரங்கிக் குண்டு விழும் தூரத்துக்குள் உள்ள நிலமும் சேர்த்தி. எந்தப் பீரங்கி, எவ்வளவு மருந்து என்று எழுதவில்லை. விடுவானா? இருப்பதிலேயே நல்ல பீரங்கியைக் கொண்டுவந்து, கைதேர்ந்த ஆளை வைத்து, நாலா பக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த இடம் வரை ஊர் அவர்களுடையது. கடலூரும் சுற்றுக் கிராமங்களும் வட்டத்துக்குள் விழுந்தன. குண்டு கிராமங்கள் என்று அவற்றுக்குப் பேர் வந்தது. நேற்று டேப் பிடித்து ஒன்றரை சென்டிக்குச் சண்டை போட்டவர்களை இங்கே கூட்டிவந்திருந்தால் பத்திரம் சரியாக எழுதியிருப்பார்கள்.

கோட்டை என்று நினைத்துப் போனால் ஏமாற்றம். கெடிலத்தங்கரையில் புதரும் செங்கல் சுவர்த் துண்டுகளும். 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தபோது கிளைவ் வேஷம் மாற்றித் தப்பி வந்தது இந்த டேவிட் கோட்டைக்குத்தான். 1752 வரை கம்பெனிக்கு இதுவே தலைமையிடம். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி இதைப் பிடித்து இடித்தார். மூன்று வருடத்தில் ஆங்கிலேயர் பாண்டியை இடித்தார்கள். லாலியைப் பிரான்ஸ் அரசே 1766இல் தலை வெட்டியது. சுவர்த் துண்டின் மேல் வலை காயப்போட்டிருந்த ஒருவர், "ரீல்ஸ் எடுக்க வந்தீங்களா?" என்று கேட்டார்.

சில்வர் பீச்சில் மாங்காய் பத்தை. நல்ல புளிப்பு.

பஸ் ஸ்டாண்டு இருப்பது திருப்பாதிரிப்புலியூரில். பேசும்போது திருப்பாப்புலியூர், அவசரத்தில் இன்னும் சுருங்கும். பாதிரி என்றதும் கிறிஸ்தவப் பாதிரியார் நினைவு வந்தால் தப்பில்லை, ஆனால் இங்கே அது மரம், பாடலீசுவரர் கோயிலின் தல விருட்சம். அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் போட, 'சொற்றுணை வேதியன்' பாடி மிதந்து வந்து இந்தப் பக்கம் கரையேறினார் என்பது வரலாறு. அந்த இடத்துக்குக் கரையேறவிட்டகுப்பம் என்று பெயர். எத்தனையோ பெயரைச் சுருக்கிய ஊர் அதை மட்டும் முழுசாக வைத்திருக்கிறது. திருத்த எனக்கு ஒன்றும் இல்லை.

பாரதியும் இப்படி ஒருமுறை கடலூரில் கரையேறினார், ஆனால் சிறைக்குள். 1908 முதல் பத்து வருடம் பாண்டியில் இருந்துவிட்டு, 1918 நவம்பர் 20 அன்று எல்லை தாண்டியதும் பிடித்துக் கடலூர்ச் சிறையில் அடைத்தார்கள். டிசம்பர் 14 வரை. இன்றைக்குப் பெட்ரோல் விலை மாறுகிற எல்லை, அன்றைக்கு அப்படி மாறியிருக்கிறது. திரும்பி வரும்போது முள்ளோடையில் பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

நான்காம் நாள், ஞாயிறு

மத்தியானம் திருச்சி பஸ். காலையில் மணக்குள விநாயகர். மணல் குளத்துப் பிள்ளையார் மணக்குளத்தார் ஆனவர். யானை லட்சுமி 2022இல் போனதிலிருந்து வாசல் வெறிச்சென்று இருக்கிறது. ஒரு குழந்தை அம்மாவிடம் "யானை எங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. காந்தி வீதியில் சண்டே மார்க்கெட், சட்டை ஒன்று வாங்கினேன், அத்தை விலையைக் கேட்டுவிட்டு எதுவும் சொல்லவில்லை. அதாவது ஏமாந்துவிட்டேன்.

அத்தை கொடுத்த வடகம் ஹார்லிக்ஸ் பாட்டிலில், அதற்கு மேல் மூன்று பிளாஸ்டிக் கவர். "பஸ்ல வாசன வரும், யாராச்சும் கேட்டா குடுத்துடாத."

பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் சம்பா கோயில் வழியாக ஆட்டோவை விடச் சொன்னேன். பூசை முடிந்து கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. மெழுகுவத்தி அம்மாவைத் தேடிப் பிடித்து, சம்பா என்பது நெல் இல்லை, புனித பவுல், சேன் போல் என்பதுதான் நம் வாயில் சம்பா ஆகிவிட்டது, 1761இல் இடித்த பழைய கோயில் பெயர் என்று ஒரே மூச்சில் விளக்கினேன்.

பொறுமையாகக் கேட்டார்.

"அப்படீங்களா. ஐந்நூறுக்குச் சில்லறை இருக்கா சார்?"